எழுத்து வரம்பு

‘செட்டிநாடு’ என்று தட்டினேன்.
என் கணக்கில் ஐந்தெழுத்து.
பத்து என்கிறது விண்ணப்பப் பெட்டி.
கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று,
தலையில் வைத்த புள்ளிக்கும் தனியாக ஒன்று.
மெய்க்கு அரை மாத்திரை என்று
பதினான்கு வருடம் கரும்பலகையில் எழுதியவள் நான்.
இங்கே ‘அ’ ஒன்று,
‘க்’ இரண்டு.
ஆய்வின் நோக்கம் ஆயிரத்து ஐந்நூறுக்குள் அடங்கவேண்டும்.
ஒற்று மிகும் இடங்களைக் கண்டாலே
வயிற்றைப் பிசைகிறது.

காரைக்குடி, கல்லுக்கட்டி, அயூப் ஜெராக்ஸ்.
இரவு பதினொன்று. கடைசி நாள்.
வீட்டில் நெட் இல்லை, கௌரவ விரிவுரையாளருக்கு
மூன்று மாதமாகச் சம்பளமும் இல்லை.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
யாருடையதோ ஆதாரை லேமினேட் செய்தபடி கேட்கிறார்:
“போன வருஷமும் இதே நாள்தானே, டீச்சர்?”
அதற்கு முந்தின வருஷமும், அயூப்.

கானாடுகாத்தானில் ஒரு வீடு.
இரண்டாங்கட்டில் தேக்குப்பெட்டி.
பியாபோன் வட்டிக்கடையிலிருந்து கப்பலேறி வந்த காகிதங்கள்.
கொடுத்த கடனுக்குப் பேரேடு இருக்கிறது,
ஐந்தொகை இருக்கிறது, அதைப் படித்து
டாக்டர் ஆனவர்களும் இருக்கிறார்கள்.
கொடுக்காத கடனுக்கு எவரும் ஏடு போடவில்லை.
கேட்டவர்களின் மனுக்கள் மட்டும்
சணலில் கட்டிய ஒரு மூட்டை.
எனக்கு அது போதும்.
நான்கு லட்சத்து முப்பதாயிரமும்.

மதிப்பீட்டாளர் ஒன்று, போன வருடம்: “சுவாரசியமானது.”
நூற்றுக்கு நாற்பத்தொன்று.
மதிப்பீட்டாளர் இரண்டு:
“கடன் கிடைக்காதவர்களை அறிவதால்
நாட்டுக்கு என்ன பயன் என்பது தெளிவாக இல்லை.”

வீட்டுக்குப் பதினொரு பங்காளிகள்,
ஒப்புதல் கடிதமும் பதினொன்று.
ஹூஸ்டன்காரர் அன்றே அனுப்பினார்.
அடுத்த தெருக்காரருக்கு எட்டு மாதம் ஆனது,
‘வழக்கைப் பற்றி ஒரு வரியும் வரக்கூடாது’ என்ற
அடிக்குறிப்போடு.

செலவுத் திட்டம்: ஸ்கேனர், ஹார்ட் டிஸ்க், கரையான் மருந்து.
சாவி கொண்டுவரும் சேவுகனுக்கு அறுபது நாள் மதியச் சாப்பாடு.
ரசீதில்லாச் செலவு ஏற்கப்படாது.
எடுத்துவிட்டேன்.
சேவுகன் சாப்பிடுவார், படிவத்துக்கு வெளியே.

மூட்டையின் மேல்தாள் எனக்கு மனப்பாடம்.

“மேலாள் அவர்கள் சமுகத்துக்கு
வெளுக்கிற சடையன் எழுதிக்கொண்டது.
இஸ்திரிப்பெட்டி ஒன்று, ரூபாய் பதினெட்டு.
தொட்டி பதினொன்று. இரண்டு மாதக் கரி ஆறு.
ஆக முப்பத்தைந்து.
கப்பல் துரைமார் சட்டை வாரம் நாற்பது வரும்.
மாதம் மூன்று ரூபாய் வட்டியோடு கட்டுவேன்.
தவறினால் பெட்டி தங்களுடையது.”

நோக்கம், செலவு, வழிமுறை, காலவரை, இடர்.
எல்லாம் ஒரு சாண் தாளில்.
நான் பதினோரு பக்கம் எடுத்துக்கொண்டேன்,
இடர் பகுதியில் என்ன எழுதுவதென்று
இன்னும் தெரியவில்லை.
ஓரத்தில் ஊதாப் பென்சிலில் யாரோ:
“பார்க்கலாம்.”

ஏழு மாதம் கழித்து இன்னொரு தாள். அதே சடையன்.
இருபத்தொன்பது ரூபாய்.
“கரிக்கு நானே பார்த்துக்கொள்கிறேன்.”
ஓரத்தில் ஒன்றும் இல்லை.
அதற்குக் கீழே நானூறு தாள்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கரையான் மண்ணோடு.
பிரிக்க நீராவி வேண்டும், நாள் வேண்டும்,
அதற்குத்தான் கேட்கிறேன்.

பதினொன்று ஐம்பத்திரண்டு.
‘வரம்பை மீறிய எழுத்துகள்: 2.’
மேலிருந்து கீழாகத் தேடுகிறேன்.
எதை எடுத்தாலும் ஒரு ஆள் குறைகிறார்.
கடைசியில்
‘மனுக்களைப் பற்றி’ என்பதில்
‘ப்’பை எடுத்தேன்.
மாணவிகள் தாளில் சிவப்புமையால் சுழிக்கிற பிழை.
மதிப்பீட்டாளர் இரண்டு தமிழ் படித்தவராக இருந்தால்
அதற்கும் ஒரு மார்க் போகும்.

சமர்ப்பி.
வட்டம் சுற்றுகிறது.
அயூப் மின்விசிறியை நிறுத்திவிட்டு
என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறார்.
“பிரிண்ட் எடுக்கவா?”
பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்து,
எடுங்கள் என்றேன்.